யானை வரைந்த பூவும் உண்ணிச்செடி யானையும்

2013 ஒக்டோபரில் ஸ்காபரோவிலிருந்து மூன்று யானைகள் வெளியேறின. ரொறன்ரோ விலங்குக் காட்சிச்சாலையில் எஞ்சியிருந்த டோக்கா, தீக்கா, இரிங்கா என்ற மூன்று ஆபிரிக்கப் பெண்யானைகளையும் தனித்தனிப் பெட்டிகளில் ஏற்றி, லொறியில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். செலவை ஏற்றவர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் பொப் பார்க்கர். நகரசபை 2011இலேயே முடிவெடுத்துவிட்டது. யானைகள் எங்கே போவது, யார் தீர்மானிப்பது என்ற இழுபறியில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. காட்சிச்சாலை நிர்வாகத்தை மீறி நகரசபை முடிவெடுத்தது என்பதற்காக அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகள் சங்கம் 2012இல் ரொறன்ரோவின் அங்கீகாரத்தையே பறித்தது. குளிர்நாட்டில் யானை வளர்ப்பது சரியா என்ற கேள்வி அன்று பேச்சளவில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பிறந்த, ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதிப் பிள்ளைகளுக்கு ஊரில் யானை கிடையாது. கென்னடி வீதியிலிருந்து காரில் அரைமணிக்குள் காட்சிச்சாலைக்குப் போய்விடலாம். அங்கே காண்டாமிருகம் உண்டு, ஒராங்குட்டான் உண்டு, யானை மட்டும் இல்லை. அடம்பிடிக்கும் பிள்ளையை ஹமில்டன் பக்கம் ஆபிரிக்கன் லயன் சஃபாரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பெயரில்தான் ஆபிரிக்கா, அங்கே நிற்பவை ஆசிய யானைகள். மற்றபடி இங்குள்ள தமிழ் வீடுகளுக்குள் யானை நுழைவது பொருளாகத்தான். கண்ணாடி அலுமாரியில் மரயானை இருக்கும். கொழும்புக்குப் போய்வந்தவர் கொடுத்த, யானை இலத்தியில் செய்த கடதாசிக் குறிப்பேடு இருக்கும். தாய்லாந்துக்கு விடுமுறை போனவர் வாங்கிவந்த, ‘யானையே வரைந்த’ பூ ஓவியம் இருக்கும். இந்தக் கடைசி இரண்டோடும் ஒரு சிறு அட்டை வரும்: இதை வாங்குவதால் நீங்கள் யானைகளைக் காப்பாற்றுகிறீர்கள்.

அந்த அட்டை சொல்வது எவ்வளவு உண்மை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விலங்கைக் காக்க விலங்கைக் கொண்டே கலை செய்வது உலகெங்கும் ஒரு சிறு தொழிலாகிவிட்டது. விலங்கின் கையில் தூரிகையைக் கொடுப்பது ஒரு வகை. விலங்கு விட்டுச்சென்றதை எடுத்துப் பொருளாக்குவது இன்னொன்று. விலங்கின் காட்டைக் கெடுப்பதை அகற்றி அதிலேயே விலங்கின் உருவத்தைச் செய்வது மூன்றாவது. மூன்றிலும் அட்டையின் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். காசு போய்ச்சேரும் இடம் வேறு வேறு.

தூரிகையிலிருந்து தொடங்கலாம். 1950களில் லண்டன் காட்சிச்சாலையில் விலங்கியலாளர் டெஸ்மண்ட் மொரிஸ், கொங்கோ என்ற சிம்பன்சிக்கு வண்ணமும் தூரிகையும் கொடுத்துப் பார்த்தார். 1957இல் லண்டனில் அதன் படங்கள் கண்காட்சிக்கு வைக்கப்பட்டன. 2005இல் அவற்றில் மூன்று ஒன்றாக ஏலத்தில் 14,400 பவுணுக்குப் போயின. மொரிசுக்கு அது பாதுகாப்பு முயற்சி அல்ல. அழகுணர்ச்சி மனிதனுக்கு முன்பே தொடங்கியிருக்குமா என்ற ஆராய்ச்சி. கொங்கோ விசிறிபோல் கோடுகளை விரிக்கும். முடியுமுன் தாளைப் பறித்தால் கோபப்படும், முடிந்தபின் தொடச்சொன்னால் தொடாது. இந்த ஒரு கவனிப்பே பிற்காலத்தில் விற்கப்பட்ட அத்தனை யானை ஓவியங்களையும்விடப் பெறுமதியானது என்பேன். எப்போது நிறுத்துவது என்பதை அந்த விலங்கு தானே தீர்மானித்தது.

யானைகளில் பெரிதும் புகழ்பெற்றது அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் காட்சிச்சாலையில் இருந்த ரூபி. தாய்லாந்தில் பிறந்து குட்டியாகவே அமெரிக்கா வந்த ரூபி, தடியொன்றைப் பிடித்து மண்ணில் கீறுவதைப் பராமரிப்பாளர்கள் கண்டார்கள். தூரிகை கொடுத்தார்கள். படங்கள் நல்ல விலைக்குப் போயின. 1998இல் ரூபி இறந்தது. அதற்குள் மற்றக் காட்சிச்சாலைகளிலும் யானைகள் வண்ணத்தில் தும்பிக்கை வைத்திருந்தன.

கதை பெரிதானது ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த விட்டாலி கோமர், அலெக்சாண்டர் மெலமிட் என்ற இரு ஓவியர்களால். சோவியத் அரசையும் அமெரிக்கச் சந்தையையும் ஒரே கிண்டலோடு பார்த்தவர்கள் இவர்கள். 1995இல் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ காட்சிச்சாலையில் ரெனீ என்ற யானையோடு சேர்ந்து வரைந்தார்கள். அடுத்து அவர்கள் திரும்பியது தாய்லாந்தின் பக்கம். அந்நாடு 1989இல் காட்டுமரம் வெட்டுவதைத் தடைசெய்திருந்தது. காட்டைப் பொறுத்தவரை நல்ல முடிவுதான். ஆனால் மரம் இழுத்துப் பிழைத்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். பாங்கொக் தெருக்களில் யானையைக் கூட்டிக்கொண்டு பிச்சையெடுக்கும் நிலை வந்தது. கோமரும் மெலமிடும் அங்கே போய் யானைகளுக்கு ஓவியப்பள்ளி நடத்தினார்கள். 2000 மார்ச்சில் அப்படங்கள் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தன. யானையின் கீறலுக்கும் நவீன ஓவியத்துக்கும் என்ன வித்தியாசம் என்ற நையாண்டி அதில் இருந்தது. பட்டினிகிடந்த பாகனுக்கு உதவும் நோக்கமும் இருந்தது. முன்னையது சீக்கிரம் மறந்துபோக, பின்னையது சுற்றுலா முகாம்களின் அன்றாட வியாபாரமாகியது.

2008இல் யூடியூபில் பரவிய ஒரு காணொளியைப் பலர் பார்த்திருப்பார்கள். யானையொன்று தும்பிக்கையால் தூரிகை பிடித்து, பூவேந்திய யானை ஒன்றைக் கோடு பிசகாமல் வரைகிறது. பார்த்த கண்கள் கலங்கின. அதே டெஸ்மண்ட் மொரிஸ் தாய்லாந்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்து, 2009இல் எழுதினார். மக்கள் தும்பிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பாகனின் கையைப் பார்த்தார். பாகன் யானையின் காதைப் பிடித்தபடி நிற்கிறார். காதை மேலும் கீழுமாக இழுத்தால் நெடுக்குக் கோடு, பக்கவாட்டில் இழுத்தால் கிடைக்கோடு, தள்ளினால் புள்ளி. ஒரு யானைக்கு ஒரு படம்தான் தெரியும், நாளுக்கு நாள் அதையே வரையும். கொங்கோவிடம் மொரிஸ் கண்டதற்கு நேர் எதிர் இது. தொடங்குவதும் நிறுத்துவதும் யானையின் விருப்பம் அல்ல. அந்தளவு கீழ்ப்படிவை ஒரு யானையிடம் வரவழைக்கக் குட்டிப்பருவத்திலேயே என்ன செய்யப்படுகிறது என்பதை, கட்டிப்போட்டு அடக்கும் அந்நாட்டு மரபைப் பற்றிப் படித்தவர்கள் அறிவார்கள்.

வதைக்காத, வற்புறுத்தாத காட்சிச்சாலையில் என்றால்? மெல்பேர்ன் காட்சிச்சாலையில் நான்கு ஆசிய யானைகளை அவதானித்து அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வரைவது யானையின் மனத்துக்கு ஊட்டம் தருகிறது என்பது காட்சிச்சாலைகளின் வழக்கமான நியாயம். வரைந்த நாட்களில் யானைகளின் மனஅழுத்தக் குறிகள் குறையவில்லை, வரைவதால் அவற்றுக்குக் குறிப்பிடத்தக்க நன்மையும் இல்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு. மகிழ்ந்தவர்கள் பார்த்தவர்கள்.

இதனால் யானை ஓவியம் முழுப்பொய் என்று நான் சொல்லவரவில்லை. தாய்லாந்தில் சுமார் 3,800 வளர்ப்பு யானைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீனி வேண்டும். வேலையில்லாத யானைக்கு யாரோ தீனி போட்டாக வேண்டும், ஓவியம் அதில் ஒரு பங்கைப் போடுகிறது. அந்தக் காசுக்குச் சரியான பெயர் பராமரிப்புச் செலவு. காட்டில் திரியும் யானைக்கு அதில் ஒரு சதமும் போய்ச்சேர வேண்டிய கட்டாயமில்லை. அட்டையிலுள்ள ‘பாதுகாப்பு’ இந்த இடத்தில்தான் வாங்குபவரை ஏமாற்றுகிறது.

இடையில் இன்னொரு வகையையும் தொட்டுவிட்டுப் போகலாம். 2000ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோ தெருக்களில் 326 மூஸ் மான் பொம்மைகள் நின்றன. மேயர் மெல் லாஸ்ட்மனின் ஏற்பாடு. ஒவ்வொன்றையும் ஒரு கலைஞர் அலங்கரிக்க, பின்னர் ஏலம் விட்டுத் தொண்டுகளுக்குக் கொடுத்தார்கள். மூஸ் வாழும் காட்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. இதே உத்தியைக் காட்டுவிலங்கின் பக்கம் திருப்பியது 2007இல் ரொட்டர்டாமில் தொடங்கிய யானை ஊர்வலம். தாய்லாந்து எல்லையில் கண்ணிவெடியில் கால் இழந்த மோஷா என்ற குட்டியும், அதற்குச் செயற்கைக்கால் பொருத்திய லம்பாங் யானை மருத்துவமனையும் அதற்குத் தூண்டுதல். கண்ணிவெடியில் கால் இழந்த உயிரைப் பற்றி வன்னியிலிருந்து வந்த ஒருவருக்கு விளக்கத் தேவையில்லை.

இனி இலத்தி. கேகாலையில் 1997இல் துசித ரணசிங்க தொடங்கிய மெக்சிமஸ் நிறுவனம்தான் இலங்கையில் இதைத் தொழிலாக்கியது. ஆசிய யானையின் அறிவியற்பெயரிலிருந்து வந்த பெயர். 2006இல் பிபிசி நடத்திய உலகப் போட்டியில் முதற்பரிசு வாங்கியபின், பின்னவல யானைகள் காப்பகத்துக்குப் போகிறவர்களின் பையில் தவறாமல் வரும் பொருளாகிவிட்டது.

யானையின் குடல் ஒரு சோம்பேறி. தின்பதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது, மிச்சம் நாராக வெளியே வந்துவிடும். கித்துள், தென்னோலை, புல் எதுவானாலும் நார் நீளம் குலையாமல் கிடக்கும். கடதாசி ஆலையில் இயந்திரமும் இரசாயனமும் செய்யும் முதல் வேலையை யானை இலவசமாக முடித்துக் கொடுத்துவிடுகிறது. இலத்தியைக் காயவைத்து, கிருமி சாக நன்றாக அவித்து, கழிவுக் கடதாசியோடு சேர்த்துக் கூழாக்கி, தண்ணீர்த் தொட்டியில் சட்டக வலையை அமிழ்த்தித் தூக்கினால் ஒரு தாள் படியும். அழுத்தி நீர் பிழிந்து உலர்த்துவார்கள். குறிப்பேட்டின் பக்கமொன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நார்கள் தெரியும். சில தலைமயிர் போல மெல்லியவை, சில நகக்கண் அளவு தடித்தவை. பேனா முனை அவற்றில் இடறும். யானை தென்னோலை தின்ற வாரத்தில் ஒரு நிறம், புல் தின்ற வாரத்தில் இன்னொரு நிறம். மணம் கிடையாது. பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் விடுவார்கள்.

இங்கே யானை எதையும் செய்யவேண்டியதில்லை. தின்று, நடந்து, போட்டால் போதும். ஓவியத்துக்கும் இதற்கும் அறவழியில் பெரிய இடைவெளி உண்டு. கிராமத்துக் கைகளுக்குச் சம்பளமும் கிடைக்கிறது. யானையால் வருமானம் வந்தால் விவசாயி யானையைப் பொறுத்துக்கொள்வான் என்பது இதற்குப் பின்னாலிருக்கும் வாதம். அந்த வாதத்தை இலங்கையின் வரைபடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 2011 கணக்கெடுப்பில் தீவில் 5,879 காட்டுயானைகள். 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 120 பேர்வரை செத்தார்கள். இந்தச் சாவுகள் குருநாகல், பொலன்னறுவை, அனுராதபுரம், அம்பாறை வயல்களிலும், வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு ஓரங்களிலும் நடக்கின்றன. பூசணிக்காய்க்குள் வெடிமருந்தை ஒளித்துவைத்து யானையின் வாயைக் கிழிக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ அங்கே ஒரு முக்கிய எமன். கடதாசிக்கு இலத்தி திரட்ட எளிதான இடம் யானை கட்டிநிற்கும் கேகாலைப் பக்கம். நெடுங்கேணியில் இராத்திரி வந்து நெல்லைத் தின்றுவிட்டு வரம்பில் போட்டுப்போகும் யானையின் இலத்திக்கு வாங்குபவர் யார்? இழந்தவனிடம் வருமானம் வராத வரைக்கும், ‘பொறுத்துக்கொள்வான்’ என்பது இழக்காதவரின் கணக்குத்தான்.

மூன்றாவது வகை நீலகிரியில், கூடலூரில் நடக்கிறது. எனக்கு மிகவும் பொருட்படுத்தத்தக்கதாகத் தெரிவதும் இதுவே.

அங்கே மூலப்பொருள் உண்ணிச்செடி. அதைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. ஈழத்திலும் வேலியோரம் நிற்கும், நாயுண்ணி என்றும் சொல்வார்கள். மஞ்சளும் ஊதாவும் கலந்த சின்னப் பூங்கொத்து. கறுத்த பழத்தைப் பறவையும் தின்னும், பள்ளிவிட்டு வரும் பிள்ளையும் தின்னும். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அழகு தோட்டத்தோடு நிற்கவில்லை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி இந்தியாவில் புலி வாழும் காடுகளில் சுமார் 40 விழுக்காட்டில், அதாவது 1,54,000 சதுர கிலோமீற்றருக்கு மேல், உண்ணி பரவியிருக்கிறது. இலங்கைத் தீவைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். கூடலூரை அடுத்த முதுமலைக் காட்டில் ஆளுயரத்துக்கு மேல் முட்புதராகப் பின்னிக்கிடக்கும் இடங்களில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் மானும் யானையும் ஊர்ப்பக்கம் வரும். யானை உண்ணியைத் தின்பதில்லை.

கூடலூரில் ஏறத்தாழ 150 யானைகள், தேயிலைத்தோட்டமும் ஊரும் சிதறிய காடுமாகக் கிடக்கும் நிலத்தில், இரண்டரை இலட்சம் மனிதரோடு கலந்து வாழ்கின்றன. அங்கே ஆதிவாசிகளின் நிலவுரிமைக்காக 1980களில் ஸ்டான், மாரி தெக்கேக்கரா இருவரும் அக்கோர்ட் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களின் மகன் தர்ஷ் யானை ஆய்வாளர். அவரும் வடிவமைப்பாளர் சுப்ரா நாயரும் முன்னின்று, ‘எலிஃபன்ட் ஃபேமிலி’ என்ற பிரித்தானியத் தொண்டமைப்பின் ரூத் கணேஷ் கைகொடுக்க, உண்ணித்தண்டில் நிஜ அளவில் யானை செய்யும் கூட்டு உருவானது. செய்பவர்கள் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகங்களைச் சேர்ந்த சுமார் 200 பேர். காட்டிலிருந்து வெட்டிவந்த தண்டைப் பெரிய பீப்பாயில் அவித்தால் பட்டை கழன்று தண்டு வளையும். கம்பியில் யானையின் எலும்புச் சட்டகத்தைக் கட்டி, தண்டைத் தசையின் ஓட்டத்துக்கு ஏற்ப வளைத்து ஆணி அடிப்பார்கள். தோள்பட்டையில் தண்டுகள் நெருங்கிச் சுழலும், வயிற்றில் நீளவாக்கில் ஓடும். காதுமடலின் ஓரத்தில் விரல் தடிப்புக்கும் குறைவான தண்டுதான் வரும்.

இவை பொதுவான யானைகள் அல்ல. ஒவ்வொன்றும் கூடலூர்ப் பக்கத்தில் திரிகிற, ஆய்வாளர்கள் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிற ஒரு யானையின் உருவம். கொம்பு, காதின் கிழிசல், முதுகின் வளைவு எல்லாம் அந்தந்த யானையுடையவை. காட்டில் அந்த யானைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற மனிதரே அதைச் செய்கிறார். யானையைப் பயிற்றாமல், கட்டாமல், காதைத் தொடாமல், அதைப் பற்றிய அறிவை மட்டும் எடுத்துக் கலையாக்கியது இங்கேதான்.

2021 கோடையில் இந்த மந்தை லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024 தொடக்கத்தில் பெங்களூரு லால்பாக்கில். 100 யானைகள் கப்பலேறிப் போய், அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்கரையில் நின்று, செப்டெம்பரில் நியூயோர்க், டிசம்பரில் மயாமி என்று நகர்ந்து, பின்னர் மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலத்தையும் கடந்து கலிபோர்னியாவை அடைந்தன. நியூயோர்க்கில் தொட்டுப்பார்க்க அனுமதி இருந்தது. தெருவில் போனவர்கள் தும்பிக்கையைத் தடவிவிட்டுப் போனார்கள். அந்தப் பயணத்தில் ஒவ்வொன்றும் விற்பனைக்கு இருந்தது. குட்டி சுமார் 8,000 டொலர், கொம்பன் சுமார் 22,000 என்று விலை இருந்தது. கைவினைஞரின் கூலி போக வரும் பணம், மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் இடங்களில் வேலைசெய்யும் அமைப்புகளுக்குப் போகிறது.

குறை இல்லையா? உண்டு. நூறு யானைகளுக்கு வெட்டிய உண்ணி, 1,54,000 சதுர கிலோமீற்றரின் முன்னால் கணக்கிலேயே வராது. வேரோடு பிடுங்காமல் தண்டை வெட்டினால் அது மீண்டும் தளிர்க்கும். வாங்குபவர்கள் பெரிய தோட்டம் வைத்திருக்கும் வசதியானவர்கள். செய்பவர்கள் பல தலைமுறையாகக் காட்டுரிமைக்கு அலைந்தவர்கள். இந்த ஏற்றத்தாழ்வை எந்த அட்டையும் அச்சிடுவதில்லை. காட்டைச் சுத்தப்படுத்தும் வேலையை அரசுதான் செய்யமுடியும். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் உண்ணியைப் போலவே மண்டிய சென்னா மரங்களை வெட்டித் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழுக்காகக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. கைத்தொழில் போகும் வழியில் ஆலையும் நடப்பது நல்லதுதான். ஆலைக்கு அழகு தேவையில்லை, தொன்கணக்கு மட்டும் போதும்.

ஆனாலும் உண்ணி யானை செய்யும் ஒன்றை ஆலை செய்யாது. காட்டிலிருந்து ஒரு தீங்கை எடுத்து, அதைச் சுமந்த கைக்கே கூலியாக்கி, அந்த யானையோடு வாழ்பவரை அதன் நிபுணர் என்று உலகத்துக்கு முன் நிறுத்துகிறது. தாய்லாந்தின் பூ ஓவியத்தில் பாகனின் கை மறைந்திருக்க வேண்டும், தெரிந்தால் வியாபாரம் கெடும். கூடலூரில் கை தெரிவதுதான் விலை.

இதைப் படிக்கும் டோர்செட் பார்க் வாசகருக்கு நடைமுறைக் கேள்வி ஒன்று இருக்கலாம்: இருபது டொலர் செலவழிக்க விரும்பினால் எதை வாங்குவது? என்னுடைய பதில் சற்று விலகிப்போகிறது. இலங்கையில் மனித-யானை மோதலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது ஆய்வு மையமும் குருநாகல் பக்கத்துக் கிராமங்களில் செய்துகாட்டிய முறை உண்டு. காட்டெல்லையில் அரசு மின்வேலி போடுவதற்குப் பதிலாக, ஊரைச் சுற்றி நிரந்தர வேலி, வயலைச் சுற்றிப் பருவகால வேலி. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து பணம் போட்டு, தாங்களே பராமரிப்பார்கள். அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிடுவார்கள், யானை வந்து தாளடியைத் தின்றுவிட்டுப் போகும். 2020இல் அவர் தலைமையிலான குழு அரசுக்குக் கொடுத்த தேசியத் திட்டத்திலும் இதுவே மையம்.

ரொறன்ரோவில் வன்னிக் கிராமங்களின் பெயரில் இயங்கும் ஊர்ச்சங்கங்கள் பல. இராப்போசன விருந்து வைத்து, பாட்டுக்கச்சேரி நடத்தி, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவை அவை. அந்த விருந்தின் ஏலமேசையில் உண்ணித்தண்டில் செய்த யானை ஒன்றை வைக்கலாம், இலத்திக் கடதாசியில் நம் ஓவியர் ஒருவர் வரைந்ததை வைக்கலாம். சேரும் பணம் ஒரு வயற்சங்கத்தின் கம்பிக்கும் மின்கலத்துக்கும் போகட்டும். ஒரு போகத்துக்கான கணக்கை அந்தச் சங்கத்திடமே கேட்டு வாங்கி, அடுத்த ஆண்டு விருந்தில் வாசிக்கட்டும்.